ராசியான கை

ஓசூர்
4.8.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பூவிழி எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் நான் பத்துச் சொன்னால் உங்கள் காதில் இரண்டுதான் விழுகிறது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் சிரிக்காதீர்கள். இடது கையால் எழுதுகிறேன்.

ஆமாம், வலது கை இன்னும் வரவில்லை. குழந்தைக்குப் பேர் வைத்த அன்று உங்கள் கண் முன்னால் விழுந்த கை அப்படியே தொங்குகிறது. ஊசியால் குத்தினாலும் தெரிவதில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், நரம்புக்கு மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நரம்பு டாக்டர், "கைல ஒரு குறையும் இல்லம்மா" என்று சொல்லி மனநல டாக்டரிடம் அனுப்பிவிட்டார். அன்றைக்குச் சமையலறையில் என் மாமியார் இவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கைல குறையில்லீன்னா வேலைக்கு வளையலன்னு அர்த்தம். இதுக்கு எதுக்குடா வீரமணி டாக்டரு?"

மனநல டாக்டர் பேர் ஆஷிகா. நம்ம தர்மபுரிப் பெண்தான். அதிகம் பேசமாட்டார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். சின்ன வயதில் என்னை நன்றாக அறிந்தவர் யார் என்று கேட்டார். அம்மா போய்விட்டாள். இனி நீங்கள் ஒருவர்தான் என்றேன். அவருக்கு எழுதுங்கள், இந்தக் கையைப் பற்றி அவருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள் என்றார்.

என்னிடம் தாய்ப்பால் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குப் பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் மாமியார்தான். போன வாரம் ஒற்றைக் கையால் தூக்கப் போய் நழுவவிட்டேன். கட்டிலில் விழுந்ததால் தப்பித்தாள். தைப் பொங்கல் வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் கை வராவிட்டால் குழந்தையைக் காரிமங்கலத்துக்கு எடுத்துப்போய்த் தானே வளர்ப்பதாகவும் மாமியார் சொல்லிவிட்டார். இவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எது ஞாபகம் வந்தாலும் எழுதுங்கள் பெரியம்மா.

உங்கள் மகள்
பூவிழி


முருகன் துணை
கம்பைநல்லூர்
20.8.2024

கண்ணு பூவிழிக்குப் பெரியம்மா தங்கம்மாள் எழுதிக்கொண்டது. மாரியம்மன் கண் திறந்து பார்ப்பதால் இங்கே நான், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகம். அங்கே மாப்பிள்ளை, குழந்தை, உன் மாமியார் சுகத்துக்கு எழுதவும்.

உன் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வயிறுதான் எரிந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் அந்தக் காலத்து அஞ்சாவது. பாலிடெக்னிக் படிக்கிற என் பேரன் அன்பு, "அச்சடிச்ச மாதிரி எழுதற ஆயா" என்று ஊரெல்லாம் காட்டுவான். அந்த எழுத்தை உனக்குக் கைபிடித்துப் பழக்கினவளும் நான்தான். அந்தக் கை தொங்குகிறது என்றால் யார் கண் பட்டதோ.

வெறுமனே உட்கார்ந்து "அப்புறம்" சொல்வதற்கு ஒரு படிப்பா? நம்ம ஊர் டீக்கடையில் அந்தப் படிப்பு படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். பக்ருதீன் பாயிடம் ஓதி வாங்கின கயிறு இந்தக் கவரில் இருக்கிறது. அதை மணிக்கட்டில் கட்டு.

உன் கையைப் பற்றிக் கேட்டாய். உன் கை ராசியான கை. நீ அவரை விதை போட்டால் பந்தல் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் அம்மா, உன் ஆயா, உன் கையால் பால் வாங்கிக் குடித்துத்தான் நிம்மதியாகப் போனாள். அந்தப் புண்ணியம் இந்த ஜில்லாவில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதனால்தான் உன் மகளுக்கு அவள் பேரையே வைக்கச் சொன்னேன். அதனால்தான் அந்த வெள்ளிப் பாலாடையைச் சீராகக் கொண்டுவந்தேன். குழந்தைக்கு அதிலேதானே பால் ஊற்றுகிறார்கள்?

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே.

இப்படிக்கு
பெரியம்மா


ஓசூர்
2.9.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கயிறு வந்தது, கட்டிக்கொண்டேன். குழந்தை மாதுவுக்குச் சளி பிடித்து விட்டது. உங்கள் மருமகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். ஆயா உன் கையால் பால் வாங்கிக் குடித்துப் போனாள் என்ற இடத்தோடு கடிதத்தை மடித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்த நாளைச் சொல்லுங்கள் என்றார். நீங்கள், அம்மா, ஊர்ச்சனம் எல்லோரும் சொல்லிச் சொல்லி அந்தக் கதை எனக்கு மனப்பாடம். ஆனால் என் கண்ணுக்குள் அந்த நாள் இல்லை பெரியம்மா. அதற்கு முந்தின வாரம் ஆயா எனக்கு வாங்கித் தந்த சவ்வு மிட்டாயின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் வழித்துத் துடைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேர் வைத்த அன்று அந்தப் பாலாடையை என் கையில் கொடுத்து நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "உங்க ஆயாவே வந்து பொறந்திருக்கா. அவளுக்கு உன் ராசியான கையால நீயே ஊத்து கண்ணு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாலாடையைக் குழந்தை வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் கை விழுந்தது.

அந்தப் பாலாடை பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பீரோவையே நான் திறப்பதில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலில் இருந்து எழுதுங்களேன்.

பூவிழி


முருகன் துணை
கம்பைநல்லூர்
6.10.2024

கண்ணு பூவிழிக்கு, பெரியம்மாவின் ஆசீர்வாதம். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கடலைக்காய் பிடுங்கினோம், ஆள் கிடைக்கவில்லை. நானே இறங்கிப் பறித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குழந்தையின் சளிக்குத் துளசியும் ஓமவல்லியும் வதக்கிப் பிழிந்து கொடுக்கச் சொல்.

சீரைக் கொண்டுபோய்த் துணிக்கு அடியில் வைப்பதா? சரி, போகட்டும்.

கேட்டாய், எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மூன்று மாதம் படுக்கை. உங்கள் அம்மா அமுதவல்லி கூலிக்குப் போக வேண்டும், வேறு வழியில்லை. அதனால் பீ மூத்திரம் அள்ளினது, முதுகுப் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினது எல்லாம் நான் ஒருத்திதான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. கேட்டுப் பார், ஊரே சொல்லும். கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆனாலும் உயிர் போகவில்லை. சொந்தக் காட்டு மண்ணைக் கரைத்து நாக்கில் விட்டோம். தங்கத்தை உரசி விட்டோம். இழுத்துக்கொண்டே கிடந்தாள். பங்காளி ராஜப்பன் வந்து பார்த்துவிட்டு, "கெழவி உசுரு பேத்திமேல மாட்டிக்கினு இருக்குது. அந்தப் புள்ளயக் கூட்டியாந்து பால் ஊத்தச் சொல்லுங்க. பிரியமான கை பட்டாத்தான் போவும்" என்றான். பச்சைப்பிள்ளையை எதற்கு என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கு வீட்டில் நானும் அம்மாவும்தான். மத்தியானம் போல உன்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர ஆள் அனுப்பினேன். நீ வந்தாய். கூட்டம் வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன். பாலாடையில் பாலை எடுத்து நீ ஊற்றினாய். அம்மா போய்விட்டாள். நான் குரல் கொடுத்தேன், ஊர் கூடியது. வந்த சனமெல்லாம் உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "புண்ணியவதி, உன் கையாலதான் உசுரு போச்சு" என்று கிழவிகள் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெத்த மகள் எனக்குக் கிடைக்காத பேர் உனக்குக் கிடைத்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது?

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு அன்புவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெரியம்மா


ஓசூர்
17.10.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இடுப்புக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? இனி காட்டில் குனிய வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு சிலது வருகிறது. எல்லோரும் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனேன். சாம்பலையும் மணலையும் சேர்த்து அந்தக் கையைத் தேய்த்தேன். தோல் உரிந்து ரத்தம் வரும் வரை தேய்த்தேன். மறுநாள் அம்மா அதைப் பார்த்து, எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் யாருக்கும் ஊட்டினதில்லை. நான் புல் போட்ட கன்றுக்குட்டி செத்தபோது என் கைதான் என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அம்மா தர்மபுரி ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் கேட்டாளே, ஞாபகமா? டம்ளர் என் பக்கத்திலேயே இருந்தது. நான் எழுந்து நர்ஸைக் கூப்பிடப் போனேன். நீங்கள் எல்லார் முன்னாலும், "பெத்தவளுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்த மாட்டியா, கல்நெஞ்சுக்காரி" என்றீர்கள். நானும் அப்படித்தான் என்னை நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக நான் கல்நெஞ்சுக்காரி என்றே நம்பி வாழ்ந்திருக்கிறேன்.

டாக்டர் ஆஷிகா அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் பேசினார். தாங்க முடியாததைச் சின்னப் பிள்ளை மறந்துவிடும், ஆனால் அது எங்கேயும் போய்விடாது, நமக்குத் தெரியாமலே உள்ளே உட்கார்ந்துகொண்டு நம் குணத்தை ஆட்டி வைக்கும் என்றார். உன் கையால் உயிர் போனது என்று பெரியவர்கள் புகழ்ந்தார்கள். பிள்ளைக்கு அதெல்லாம் புகழ்ச்சியாகக் கேட்குமா? என் கை உயிரை எடுக்கும் கை என்றுதான் கேட்டிருக்கிறது. ஆயாவின் பேரோடு, ஆயாவுக்கு ஊற்றின அதே பாலாடையோடு, இன்னொரு வாய் என் முன்னால் திறந்தது. கை என்ன செய்யும்?

கை கெட்டுப்போகவில்லை பெரியம்மா. அது என் மகளை என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இது தெரிந்தும் அது அசையவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்கிறார் டாக்டர்.

பூவிழி


கம்பைநல்லூர்
3.11.2024

பூவிழிக்கு,

சுகம். முறுக்கு வந்து சேர்ந்ததா?

நம் காட்டில் கேழ்வரகைக் கொட்டி மூடி வைக்கிற குழி இருந்தது உனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த குழியைத் திறந்தவுடன் யாரும் இறங்க மாட்டார்கள். கெட்ட காற்று அடித்து ஆளே செத்துவிடும். மூத்தவர்கள் காரணமில்லாமல் மூடி வைக்கவில்லை. உன் டாக்டரம்மாவுக்குக் குழியைத் திறக்கத் தெரியும். இறங்கினவளை யார் தூக்குவது?

ஒரு புண்ணியத்தைத் தோண்டித் தோண்டிப் பாவமாக ஆக்காதே. உன்னைப் புகழ்ந்தது தப்பா? சொல், அது தப்பா?

உன் மாமியாரிடம் நான் வந்து பேசுகிறேன். பிள்ளையைப் பெத்தவளிடமிருந்து பிரிக்க அவள் யார்? காரிமங்கலத்துச் சந்தையில் நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்பேன்.

பெரியம்மா


ஓசூர்
1.12.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மழை இரண்டு நாளாக நிற்கவில்லை, புயல் என்கிறார்கள். அங்கே கூரை ஒழுகுகிறதா?

முறுக்கு வந்தது. மாமியார்கூட நன்றாக இருக்கிறது என்றார். தயவுசெய்து அவரிடம் சண்டைக்கு வர வேண்டாம். அவரும் குழந்தைக்காகப் பயப்படுகிறார், அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப ஒரே கனவு வருகிறது. ஈரத் தலையணையில் முகம் வைத்துப் படுத்திருக்கிறேன். பால் வாடை அடிக்கிறது. டாக்டர் அந்த ஈரத்தைப் பற்றியே பேசச் சொன்னார். பேசப் பேச அந்த அறை வந்துவிட்டது. வழித்துத் துடைத்த நாள் முழுசாக வந்துவிட்டது.

கதவு சாத்தியிருக்கிறது. நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை. ஆயாவின் தலையணை நனைந்திருக்கிறது. நான் ஊற்றுவதற்கு முன்னமே நனைந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பால் சொம்பு காலியாகச் சாய்ந்து கிடக்கிறது. நீங்கள் அடுப்படியில் இருந்து வேறு பால் கொண்டுவந்து பாலாடையில் விட்டு என் கையில் கொடுக்கிறீர்கள். நான் ஊற்றுகிறேன். அது உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக வழிந்து காதுக்குள் போகிறது. ஆயா துடைத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பயமாகி அவள் முகத்தைப் பார்க்காமல் கால் பக்கம் பார்க்கிறேன். போர்வை விலகியிருக்கிறது. இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத்துணியால் கட்டியிருக்கிறது.

"ஏன் பெரிம்மா ஆயா கால கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"குளுருதாம் சாமி. நீ ஊத்து" என்றீர்கள்.

அம்மா செத்தபோது அவள் கால்விரலை நீங்கள்தான் கட்டினீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உயிரோடு இருப்பவர்கள் காலை யாரும் கட்ட மாட்டார்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது என் கற்பனையாகவும் இருக்கலாம், மனசு தனக்கு வேண்டியதைத் தானே வரைந்துகொள்ளும், அதை டாக்டரும் சொன்னார். பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் ஊற்றும்போது ஆயாவின் கால் கட்டியிருந்ததா இல்லையா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பூவிழி


ஓசூர்
5.1.2025

பெரியம்மாவுக்கு,

நலமா? அன்புவுக்குப் போன் செய்தேன். "கடுதாசி வந்துச்சு அத்தை. ஆயா படிச்சிட்டு மடியில வெச்சிக்கினு உக்காந்திருக்குது. கேட்டா கத்துது" என்றான்.

குழந்தையின் சட்டைகள், தொட்டில் துணி, கிலுகிலுப்பை எல்லாம் பையில் ஏறிவிட்டன. பொங்கல் கழிந்ததும் மாமியார் கிளம்புகிறார். இப்போது மாது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். என் தொங்குகிற கையின் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்கிறாள். அவள் கடிப்பது எனக்குத் தெரியவில்லை.

பூவிழி


கம்பைநல்லூர்
9.1.2025

பூவிழிக்கு,

கட்டியிருந்தது.

நான்தான் கட்டினேன். உன்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினது அதற்குப் பிறகு.

உன் கைக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கடுதாசியை உன் மாமியாரிடமும் காட்டு.

தங்கம்மாள்


ஓசூர்
26.1.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இதை வலது கையால் எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருமுறை பேனா விழுகிறது. அதனால் எழுதி முடிக்க மூன்று நாளாகிவிட்டது.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒன்றும் நடக்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து விரல் நுனியில் எறும்பு கடிப்பது போல இருந்தது. பிறகு சுட்டது. பொங்கல் அன்று பானையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினேன். மாமியார்தான் முதலில் பார்த்தார். "ஐயோ, சுட்டுடுச்சா! சுட்டுடுச்சாடி உனக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுப் பையில் இருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார். மாசி வரைக்கும் இங்கேயே இருப்பதாகச் சொல்கிறார். முழங்கைக்கு மேலே இன்னும் பலம் வரவில்லை. ஆனால் மாது கடித்தால் வலிக்கிறது.

தலையணை ஏன் நனைந்திருந்தது என்று நான் கேட்க மாட்டேன். சொம்பைப் பற்றியும் கேட்க மாட்டேன்.

கோபம் வந்தது பெரியம்மா, மறைக்க மாட்டேன். அத்தனை பெரிய ஊரில் அந்தப் பாரத்தை இறக்கி வைக்க ஒரு சின்னப் பிள்ளையின் கைதானா கிடைத்தது என்று தோன்றியது. பிறகு மூன்று மாதம், முதுகுப் புண், நீங்கள் ஒருத்தி என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு மாதம் இங்கே வந்து இருங்கள். டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் எதுவும் கேட்க மாட்டார். "அப்புறம்?" என்று மட்டும்தான் கேட்பார். குழி திறந்து ரொம்ப நேரமாகிவிட்டது, இனி இறங்கலாம்.

பூவிழி


முருகன் துணை
கம்பைநல்லூர்
23.2.2025

கண்ணு பூவிழிக்குப் பெரியம்மா எழுதிக்கொண்டது. நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க அம்மன் துணை நிற்க வேண்டும். உன் மாமியாரைக் கேட்டதாகச் சொல்.

உன் எழுத்து வந்தது. கோணல்தான். 'ழ' மட்டும் நான் பழக்கினபடியே சுழிந்திருந்தது. அன்புவிடம் காட்டினேன்.

நான் வருவதற்கில்லை. காடு கிடக்கிறது, மாடு கிடக்கிறது. என் வயதுக்கு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது.

அந்தப் பாலாடையை வீட்டில் வைத்துக்கொள்ளாதே. ஆசாரியிடம் கொடுத்து உருக்கிக் குழந்தைக்குக் கொலுசு போடு. உருக்கும்போது நீ அங்கே நிற்க வேண்டாம், மாப்பிள்ளையை அனுப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். என் மகனிடமும் மருமகளிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் மறந்தாலும் நீ ஞாபகப்படுத்து. எனக்கும் அம்மாவைப் போல ஒரு படுக்கை வந்தால் யாரும் பால் ஊற்ற வேண்டாம். உன்னைக் கூப்பிட்டு ஆள் வந்தால் நீ வராதே. அன்புவைப் பக்கத்திலேயே விடாதீர்கள். ஊர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

எத்தனை நாள் இழுத்தாலும் சரி. இழுக்கட்டும்.

இப்படிக்கு
பெரியம்மா